ஊருணித் தவளையைக் கிட்டத்தில் படம் பிடிப்பது எப்படி? ஐந்தடிக்குள் போனாலே குதித்துவிடுகிறது

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் சிவகங்கைப் பக்கம். வீட்டை ஒட்டியே ஊருணி. இரண்டு வருடமாகப் பாதிகூட நிறையாமல் கிடந்தது, போன வாரம் பெய்த மழையில் கீழ்ப்படி மூன்றும் மூழ்கிவிட்டன. அன்று இரவே சத்தம் தொடங்கிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் கோரைப்புல் ஓரத்தில் ஏழெட்டு மஞ்சள் தவளை, எலுமிச்சம்பழ நிறம், கத்தும்போது தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பை உப்புகிறது. சின்ன வயதில் பார்த்தது, அதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். எப்படியாவது படம் எடுத்துவிட வேண்டும் என்று மூன்று நாளாக அலைகிறேன்.

கையில் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, கூடவே வந்த 18-55 மி.மீ. லென்ஸ், அப்புறம் தூரத்தை இழுத்துக் காட்டும் ஒரு 55-250 மி.மீ. லென்ஸ். சிக்கல் இதுதான்: ஐந்தடிக்குள் போனாலே பொத்தென்று தண்ணீருக்குள் போய்விடுகின்றன. தப்பித்தவறிக் கிடைத்த படங்களும் மேலிருந்து பார்த்த மாதிரி தட்டையாக இருக்கின்றன, முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாக வெயில் பளபளப்பு. சின்னப் பொருளை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும், அதனால் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்தேன்.

செங்கை ஏரிக்காரன்:

தம்பி, கடன் வாங்காதீர்கள். மஞ்சள் தவளை கையகலம் இருக்கும் பெரிய உயிர், அதற்கு மேக்ரோவே தேவையில்லை. உங்கள் 55-250-ஐ 250-ல் வைத்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் அதன் முகமே சட்டகத்தை நிறைத்துவிடும். லென்ஸ் சரியாகத்தான் இருக்கிறது, அந்த ஒரு மீட்டருக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதுதான் கேள்வி.

நீங்கள் நடந்து போகிறீர்கள், அதுதான் தவறு. தவளைக்கு அசையாத பொருள் அவ்வளவாகக் கண்ணில் படாது, அசைவது உடனே படும். போதாக்குறைக்குத் தரை அதிர்வையும் உடம்பால் உணரும். நின்று நடந்து வரும் ஆள் அதற்கு வானத்தை மறைத்துக்கொண்டு வரும் கொக்கு மாதிரிதான். அதனால் தவளையை நோக்கிப் போகாதீர்கள், தவளை இருக்கும் இடத்துக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். நீங்கள் போனதும் எல்லாம் குதிக்கும், குதிக்கட்டும். நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக, ஈரம் பரவாயில்லை என்று தரையோடு தரையாக உட்கார்ந்து, கேமராவைக் கண்ணருகே வைத்தபடி அப்படியே இருங்கள். பத்து நிமிடத்தில் ஒரு மூக்கு தெரியும், இருபது நிமிடத்தில் அதே கரையில் அதே இடத்துக்கு வந்து உட்காரும். இருபது வருடமாகச் செங்கல்பட்டு ஏரிகளில் நான் பார்த்து வருவது இது, தவளை தன் இடத்தை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்காது.

மேலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது என்கிறீர்களே, அதற்கும் இதுவேதான் மருந்து. கேமரா தவளையின் கண் மட்டத்துக்கு வர வேண்டும், அதாவது தண்ணீரிலிருந்து நாலைந்து விரல்கடை உயரம். பழைய ஜீன்ஸ் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, மணல் போட்டு இரண்டு பக்கமும் தைத்து வைத்திருக்கிறேன், அதன்மேல் லென்ஸை வைத்தால் முக்காலியே வேண்டாம். கேமராவில் திருப்பும் திரை இல்லையென்றால் படுத்துத்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

ஒரு நாள் அப்படிப் படுத்திருந்தபோது ஒரு முழம் தூரத்தில், தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகுமே அந்தச் சின்னத் தவளை, ஒரு ஈயைப் பிடித்தது. விழுங்கும்போது அதன் இரண்டு கண்ணும் மண்டைக்குள் அமுங்கி மறைந்து, மறுபடி மேலே வந்தன. கண்விழியை உள்ளே இழுத்து, அந்த அழுத்தத்தால் இரையைத் தொண்டைக்குத் தள்ளுகிறது. படித்திருக்கிறேன், ஆனால் அந்தக் கண்கள் மூழ்கி எழுந்ததை நேரில் பார்த்த அன்று படம் எடுக்கக்கூட மறந்துபோனேன்.

ஊசித்தட்டான்:

ஏரிக்காரர் அண்ணன் சொன்னதோடு வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம். முதுகில் விழும் வெள்ளைப் பளபளப்புக்குக் காரணம் ஈரத் தோல். அது ஒரு கண்ணாடி மாதிரி, உச்சி வெயில் அதில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். காலை ஏழு மணிக்கு முன்னால் போங்கள், அல்லது மேகம் போட்ட நாளில் போங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே போய்விடும்.

மீதிப் பாதிக்கு போலரைசர். லென்ஸின் முன்னால் மாட்டிச் சுழற்றும் கண்ணாடி. தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது தண்ணீரின் பிரதிபலிப்பு அனேகமாக முழுவதும் மறைந்துவிடும், அடியில் கிடக்கும் தலைப்பிரட்டை, பாசி, நத்தை எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆனால் அண்ணன் சொன்ன மாதிரி தரையோடு படுத்துத் தவளையின் கண் மட்டத்தில் எடுக்கும்போது அது தண்ணீரில் பெரிதாக உதவாது, வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடுவதுதான் மிச்சம். அப்போது கழற்றிவிடுங்கள். அந்தக் கோணத்தில் பிரதிபலிப்புதான் படத்துக்கு அழகு, ஒரு தவளைக்கு இரண்டு தவளை கிடைக்கும்.

சின்ன உயிர்களுக்கு வரும்போதுதான் மேக்ரோ பேச்சு. அதற்கும் புது லென்ஸ் வேண்டாம், 250-ன் முன்னால் திருகும் +2 டயாப்டர் (கண்ணாடியின் பவர்) குளோஸ்-அப் கண்ணாடி போதும், அரை மீட்டர் தள்ளி நின்றே தட்டானின் முகம் வரைக்கும் எடுக்கலாம். பலர் +8 வாங்கிவிடுகிறார்கள். அதில் உருவம் பெரிதாக வரும், ஆனால் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குள் போக வேண்டும், எந்தத் தட்டானும் அதுவரை உட்கார்ந்திருக்காது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் குழாய் உங்கள் 18-55-க்கு உதவும், 250-ல் வித்தியாசம் குறைவு.

மழைக்கால்:

நான் முழுக்க செல்போனில் எடுப்பவன், டெல்டா வயல்காட்டில். போனில் சின்னதாக ஒரு வசதி: உடம்பை மறைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டலாம். மெதுவாக, கடிகார முள் நகர்கிற மாதிரி நகர்த்தினால் தவளை பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. ஒன்றே ஒன்று, கிட்டத்தில் போகும்போது பல போன்கள் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும், படம் மங்கும், உங்கள் நிழலும் விழும். அந்த மேக்ரோ தானியங்கியை அணைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் நன்றாக வருகிறது.

இரவில் எடுக்க நினைப்பவர்களுக்கு: தவளை தன் வாயால் கெடும் என்று சும்மா சொல்லவில்லை, சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாற்றங்காலில் ஒரு கட்டைவிரல் நகம் அகலத்தில் ஒரு தவளை இருக்கிறது, அதன் சத்தம் வயலையே நிறைக்கும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தனி ஆளாகப் பிடிக்கவே முடியாது. நானும் என் மச்சானும் இரண்டு வரப்பில் பத்தடி தள்ளி நின்று, விளக்கை அணைத்து, அது கத்தும்போது ஒரே நேரத்தில் அவரவர் காதுக்குப் பட்ட திசையில் டார்ச் அடிப்போம். இரண்டு வெளிச்சமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அது இருக்கும். போனதும் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும், அதற்காகக் கிளம்பிவிடாதீர்கள், இருட்டில் கால்மணி நேரம் சும்மா நின்றால் ஒன்று தொடங்கும், பிறகு ஊரே தொடங்கும்.

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று காலை ஆறரைக்குப் போய் உட்கார்ந்தேன். ஏரிக்காரர் அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது, பதினெட்டாவது நிமிடத்தில் ஒன்று வந்தது. ஆனால் கண் கூர்மையாக வந்தால் தொண்டைப் பை மங்கல், பை சரியாக வந்தால் கண் மங்கல். அதோடு பை உப்பிய நொடியில் ஒரு படம்கூட மாட்டவில்லை, எல்லாம் காற்றுப் போன பிறகுதான். என்ன செட்டிங் வைக்க வேண்டும்?

ஊசித்தட்டான்:

கிட்டத்தில் போகப் போகத் தெளிவாக விழும் ஆழம் சுருங்கிவிடும், அது லென்ஸின் இயல்பு. உயிரின் அளவும் சென்சாரில் விழும் அளவும் ஒன்றாக இருக்கும் நெருக்கத்தில், எஃப் 8-ல் (எஃப் எண் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும், ஆழம் கூடும்) தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதில் பாதிப் பெரிதாக்கத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர். அதனால் எஃப் எண்ணோடு போராடுவதைவிட, நீங்கள் உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தவளையின் பக்கவாட்டில், உடம்பு சென்சாருக்கு இணையாக வருகிற மாதிரி இருந்தால் கண்ணும் பையும் ஒரே தளத்தில் விழும். நேர் முகமாக எடுத்தால் மூக்கா கண்ணா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், அப்போது கண்.

எஃப் 8 அல்லது 11, ஷட்டர் 1/500-க்குக் குறையாமல், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) எவ்வளவு ஏறினாலும் ஏறட்டும். தொண்டைப் பை உப்புவதைப் பிடிக்க: ஒரு பத்துத் தடவை கத்துவதைப் படம் எடுக்காமல் கேளுங்கள். கத்துவதற்கு முன்னால் விலாப்பக்கம் புடைத்துக் காற்று நிரம்பும். அதைப் பார்த்ததும் அழுத்த வேண்டும், சத்தம் கேட்டதும் அழுத்தினால் தாமதம். தாளம் பிடிபட்டுவிட்டால் தவறாது.

இன்னொன்று, சீக்கிரம் எடுத்துவிடுங்கள். அந்த மஞ்சள் ஆண்களுக்கு மட்டும், இணை சேரும் சில நாளுக்கு மட்டும். பிறகு பழையபடி பச்சையும் பழுப்புமாக மாறிவிடும்.

கறுப்புத்துணி:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? நான் இரண்டு மூன்று தேரையை, சுவரிலும் செடியிலும் ஏறுமே அந்தத் தவளையைப் பிடித்து வீட்டில் கண்ணாடித் தொட்டியில் விட்டு, பின்னால் கறுப்புத் துணி கட்டி, இலை, பூ எல்லாம் நம் விருப்பப்படி வைத்து எடுப்பேன். மறுநாள் கொண்டுபோய் விட்டுவிடுவேன். படம் நூறு மடங்கு சுத்தமாக வரும், தவளைக்கும் ஒரு சேதமும் இல்லை. மழைக்கால் தம்பி மாதிரி சேற்றில் நிற்க எல்லோராலும் முடியாது.

செங்கை ஏரிக்காரன்:

ஐயா, வயதும் உடம்பும் இடம் கொடுக்காது என்றால் புரிகிறது, எனக்கும் முழங்கால் வலிதான். ஆனால் சேதம் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியாது.

தவளை தோல் வழியாக மூச்சு விடுகிறது, வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. அப்படியென்றால் நம் கையில் இருக்கும் உப்பு, கொசுவிரட்டிக் களிம்பு, சோப்பு எல்லாம் அதே வழியில் உள்ளே போகும். விளக்குக்கு அடியில் கண்ணாடித் தொட்டி எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்று கையை வைத்துப் பாருங்கள். அடுத்தது கைட்ரிட் என்ற பூஞ்சை. ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் நீரோடை நீரோடையாகத் தவளைகளைத் துடைத்தெடுத்தது அது. 2019-ல் வந்த ஆய்வு ஒன்று, அதனால் 501 நீர்நில வாழ் இனங்கள் குறைந்தன, அதில் 90 அழிந்தே போயிருக்கலாம் என்று கணக்குச் சொன்னது. தவளையை இடம் மாற்றினாலும் பரவும், தொட்டித் தண்ணீரைக் கொண்டுபோய்க் குளத்தில் கொட்டினாலும் பரவும். பிடித்ததை எந்தக் குளம் என்று பார்க்காமல் வேறு குளத்தில் விடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும்போது பூட்ஸையே கழுவி நன்றாகக் காயவைத்துவிட்டுத்தான் போக வேண்டும், அந்தப் பூஞ்சைக்கு உலர்ந்த இடம் ஆகாது.

படம் சுத்தமாக வரும் என்பதற்கும் ஒரு வார்த்தை. தவளை இலையைக் குடையாகப் பிடித்திருக்கிற மாதிரி, நத்தைமேல் சவாரி போகிற மாதிரி, வாயைப் பிளந்து சிரிக்கிற மாதிரிப் படங்கள் சுற்றுகின்றன. அதில் பலவற்றுக்கு நூலால் கட்டுகிறார்கள், குளிர்ப்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்கிறார்கள். நீங்கள் அதைச் செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கறுப்புத் துணிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தேரை எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்று அந்தப் படம் பார்க்கும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அந்தக் கோரையும் சேறும் பக்கத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையும் சேர்ந்துதான் தவளை.

கறுப்புத்துணி:

கட்டுவது, குளிர்ப்பெட்டி எல்லாம் பாவம், அதை நானும் ஏற்கவில்லை. பூஞ்சை விஷயம் தெரியாது, அதை யோசிக்கிறேன். ஆனால் தலைப்பிரட்டையைக் குளத்துக்குள் எப்படி எடுப்பீர்கள்? அதற்காவது தட்டு வேண்டாமா?

ஊசித்தட்டான்:

வேண்டும், நானே பயன்படுத்துகிறேன். அடி வெள்ளையான ஒரு தட்டு, அதே குளத்துத் தண்ணீர், அதே கரையில் நிழலில் வைத்து, ஐந்தே நிமிடம், பிறகு எடுத்த இடத்திலேயே சாய்த்துவிடுவது. வெயிலில் வைத்தால் அந்த இரண்டு விரற்கடைத் தண்ணீர் சட்டென்று சூடாகும், பிராண வாயு குறையும். வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

தேரைக்கு வெளியே தேட வேண்டியதே இல்லை ஐயா. தண்ணீர்த் தொட்டிச் சுவரையும் அதன்மேல் சாயும் செடியையும் மழை பெய்த மறுநாள் பாருங்கள். பெண் தேரை பின்னங்காலால் கடைந்து, முட்டைகளைச் சோப்பு நுரை மாதிரி ஒரு கூட்டில் வைத்திருக்கும், எப்போதும் தண்ணீருக்கு நேர் மேலே. சில நாளில் அந்த நுரை இளகிக் குஞ்சுகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழும். சொறித்தவளையின் முட்டை அப்படி இல்லை, நீளமான ஜவ்வுக் கயிறாகச் செடியைச் சுற்றியிருக்கும். நாற்காலி போட்டு உட்கார்ந்தே எடுக்கலாம், முழங்காலுக்கும் நல்லது.

நீர்க்கோலி:

ஊரில் பாம்பு வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அதனால் இதைச் சொல்ல வேண்டியது என் கடமை. தவளை கத்தும் கரைக்கு நீங்கள் மட்டும் வருவதில்லை. என் பெயருக்குரிய தண்ணீர்ப் பாம்புக்கு விஷம் இல்லை, ஆனால் தொட்டால் கடிக்கும். கரைமேட்டில் புல்லுக்குள் கண்ணாடி விரியன் படுத்திருக்கும், அது நகராது, காலடியில்தான் தெரியும். படுக்கும் முன்னால் இடத்தை டார்ச் அடித்துக் குச்சியால் தட்டிப் பாருங்கள். முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள். தனியாகப் போகாதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறிவிடுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம், அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனை.

காலில் கையில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் படுக்க வேண்டாம், எலி சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். போன பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் குளத்தில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மழைக்கால்:

இரவில் ஃப்ளாஷ் பற்றி யாரும் சொல்லவில்லை. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்த வெளிச்சம் பழையபடி சரியாக நேரம் பிடிக்கும், அதுவரை எதிரியும் தெரியாது, இரையும் தெரியாது. நான் தேடுவதற்கு மங்கலான சிவப்பு விளக்கு, படத்துக்கு நாலைந்து தடவை ஃப்ளாஷ், அத்தோடு வேறு தவளைக்குப் போய்விடுவேன். ஃப்ளாஷுக்கு முன்னால் பட்டர் பேப்பர் இரண்டு மடிப்பு, முடிந்தவரை அகலமாக, தவளைக்குக் கிட்டத்தில். அகலம் கூடக் கூட ஈரத் தோலில் பளபளப்பு குறையும்.

சிவகங்கைத் தம்பிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தூரமில்லையே, பூபதி என்பவரின் பெயரைச் சூட்டிய அந்த ஊதாத் தவளையைப் போய்ப் பார்த்தால் என்ன?

செங்கை ஏரிக்காரன்:

ஆசை நியாயமானது. மேற்குப் பக்கத்து ஊதாத் தவளை 2003-ல் அறிவியலுக்கு வந்தது, கிழக்குச் சரிவில் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே கண்டது தனி இனம் என்று 2017-ல் விவரித்து, மறைந்த ஊர்வன ஆய்வாளர் சு. பூபதியின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். ஆனால் அது வருடம் முழுக்க மண்ணுக்குள் இருக்கும், இணை சேரச் சில நாள் மட்டும் வெளியே வரும். அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் நுழையக் கூடாது. எடுத்தவர்கள்கூட ஓடையின் இடத்தை வெளியில் சொல்லக் கூடாது, படத்தில் இருக்கும் ஜிபிஎஸ் குறிப்பை நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும்.

ஊருணித் தவளையை இளக்காரமாக நினைக்காதீர்கள். தொடை இறைச்சிக்காக இந்த மஞ்சள் தவளையைப் பிடித்துப் பிடித்து ஏற்றுமதி செய்தார்கள், 1987-ல்தான் இந்தியா தடை போட்டது. உங்கள் படியில் எட்டு உட்கார்ந்திருக்கிறது என்றால் அது சாதாரணம் இல்லை.

கண்மாய்க்கரை:

படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். இன்று ஐந்தாவது நாள். பக்கவாட்டில் உட்கார்ந்தேன், விலா புடைத்ததும் அழுத்தினேன். 212 படத்தில் மூன்று தேறின. ஒன்றில் நீலப் பை இரண்டும் முழுதாக உப்பி, அதைச் சுற்றித் தண்ணீர் நடுங்கி வட்டம் வட்டமாக எழும்புகிறது. அந்த வட்டங்களை நான் அங்கே பார்க்கவேயில்லை, வீட்டில் பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது. மஞ்சள் ஏற்கெனவே குறையத் தொடங்கிவிட்டது.

அப்பாவுக்குக் காட்டினேன். எந்தக் கரை என்று கேட்டார், தெற்குப் படிக்கு இடப்பக்கம் என்றேன், சின்ன வயதில் அவரும் அங்கேதான் பார்த்தாராம். நாளைக்குக் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.

ஒரு சந்தேகம். தவளைக்காகக் காத்திருந்தபோது கைக்கெட்டும் தூரத்தில் பழுப்பாக, பாதாம் கொட்டை வடிவில் ஒரு பூச்சி. அதன் முதுகு முழுக்க அரிசி அரிசியாக ஏதோ ஒட்டியிருக்கிறது, நாலாவது படத்தில் பாருங்கள். நோயா? ஒட்டுண்ணியா?

ஊசித்தட்டான்:

நோய் இல்லை தம்பி, முட்டைகள்! நீர்ப்பூச்சி வகை அது, சுமப்பது அப்பா. பெண் பூச்சி ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும், குஞ்சு வரும்வரை ஆண்தான் சுமக்கும். அடிக்கடி மேலே வந்து முதுகைக் காற்றில் காட்டும், பின்னங்காலால் முட்டைமேல் தண்ணீரை விசிறும். கையால் எடுக்காதீர்கள், கடித்தால் நன்றாக வலிக்கும். முட்டையின் நிறம் மாறிக் கண்புள்ளி தெரிந்தால் குஞ்சு வரும் நேரம் நெருங்கிவிட்டது. +2 கண்ணாடி வாங்கிவிட்டீர்களா?

கண்மாய்க்கரை:

நாளை மதுரையிலிருந்து வருகிறது அக்கா. அதே கோரைத் தூரில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டு வந்தேன். அப்பாவைத் தவளைப் பக்கம் உட்கார வைத்துவிட்டு நான் இதன் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.